மோர்தானாவில் ட்ரவுட் மீன் கிடைக்குமா?

குடியாத்தம் நண்பரே, மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஃப்ளை ராடை (ஃப்ளைங்கிற இலேசான போலி இரையை வீசுற தூண்டில் கோல்) மோர்தானா அணையில் வீசியும் ட்ரவுட் சிக்கலைன்னு எழுதியிருக்கீங்க. சிக்காது. அதுக்கு 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து ஓடுற தண்ணி வேணும். நம்ம ஊர் வெயில் 40ஐத் தாண்டும். ட்ரவுட்டுன்னா நீலகிரிதான், அதுவும் அனுமதி வாங்கிட்டு.

ராடை மூலையில் வைக்காதீங்க, விரால் இருக்கே! அது மூச்சு வாங்க மேலே வரும். கோரை ஓரமா குமிழி உடையுற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, தவளை மாதிரி மிதக்குற ஃப்ளையைப் போட்டு, விட்டு விட்டு இழுங்க. லீடர், அதாவது ஃப்ளையைக் கட்டுற முனை நரம்பு, தடிமனா இருக்கட்டும், இல்லேன்னா கோரையில மாட்டி அறுந்துடும். தண்ணி வத்துற பங்குனி, சித்திரையில விடியற்காலைதான் தோது. மழைக்காலத்துல செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா அந்தப் பக்கமே வீசாதீங்க. காவலுக்கு நிக்கிற தாய் தகப்பனைப் பிடிச்சா குஞ்சுங்க மத்த மீனுக்கு இரைதான். ஊர் ஏரின்னா குத்தகைக்காரர்கிட்ட முதல்ல கேட்டுக்குங்க.