யார் யாரை நாகரிகப்படுத்துவது?

கேள்வி: 'வெள்ளையர்கள் அமெரிக்கப் பழங்குடியினரை நாகரிகப்படுத்தினார்கள்' என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். அச்சில் 'நாகரிகப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டார்கள்' என்று வந்திருக்கிறது. அகராதியில் உள்ள சொல்தானே, ஏன் திருத்தினீர்கள்?

பதில்: திருத்தியது நான்தான். சொல் அகராதியில் இருக்கிறது, இலக்கணமும் சரி. அது சொல்லும் செய்திதான் தவறு.

'படுத்து' என்ற துணைவினையைக் கவனியுங்கள். அடிமைப்படுத்து, துன்பப்படுத்து, சுத்தப்படுத்து. செய்கிறவர் ஒருவர், அதற்கு ஆளாகிறவர் வேறொருவர். ஆளாகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 'நாகரிகமடைந்தார்கள்' என்றாலாவது அவர்களே நடந்து வந்த வழி என்று பொருள்படும். 'நாகரிகப்படுத்தினார்கள்' என்று எழுதியவுடன், அதுவரை நாகரிகம் இல்லாமல் கிடந்தார்கள் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். அது வெள்ளையர் வழங்கிய தீர்ப்பு. அதை உங்கள் வாக்காக ஏன் எழுத வேண்டும்?

1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தார் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. முதலில் போய்ச் சேர்ந்த பிள்ளைகளில் ஓட்டா க்டே என்ற லக்கோட்டா இனச் சிறுவனும் ஒருவன். கரும்பலகை நிறைய அவனுக்குப் புரியாத வெள்ளைக் கிறுக்கல்கள். கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, ஏதாவது ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். காட்டினான். அன்று முதல் அவன் பெயர் லூதர். அந்தப் பெயரைத் துணியில் எழுதிச் சட்டையின் முதுகில் தைத்தார்கள். தலைமுடியை வெட்டினார்கள். தாய்மொழியில் பேசத் தடை விதித்தார்கள். வளர்ந்த பிறகு அவரே இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். இத்தனைக்கும் சேர்த்து அவர்கள் சூட்டிய பெயர்தான் நீங்கள் எடுத்தாண்ட வினைச்சொல். முடியை வெட்டினார்கள், பெயரைப் பறித்தார்கள் என்றே எழுதுங்கள். நடந்தது இன்னதென்று படிப்பவருக்குத் தெரியட்டும்.

'பண்படுத்தினார்கள்' என்று போடலாமே என நீங்கள் நினைக்கக்கூடும். அது நிலத்துக்குரிய சொல்: உழுவது, கல் பொறுக்குவது, எரு இடுவது. ஒருவர் தம் மனத்தைப் பண்படுத்திக்கொள்வது அழகான வழக்கு. ஓர் இனம் இன்னோர் இனத்தைத் தரிசு நிலமாக எண்ணிப் பண்படுத்தக் கிளம்புவது ஆணவம்.

நாகரிகம் என்ற சொல்லுக்கு வேர் நகரம். ஆனால் வள்ளுவர் அதை நகரத்தோடு நிறுத்தவில்லை. கண்ணோட்டம் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில், நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும், பழகியவர் கொடுக்கிறாரே என்று அதை உண்டு அமைபவரிடம் 'நயத்தக்க நாகரிகம்' காண்கிறார். உடை, ஊர், படிப்பு எதுவும் அங்கே பேச்சில் இல்லை. எதிரே இருப்பவரின் முகம் வாடக்கூடாது என்ற தவிப்பு மட்டுமே இருக்கிறது.

உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில், தம்மை அவமதித்தவருக்கும் உணவு கொடுத்த ஒரு முதியவரை 'நாகரிகமான மனிதர்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் நான் கை வைக்கவில்லை.