கொழும்பில் இருந்துகொண்டு கஷ்டமான போர் விமான மாடல் ஒன்றைச் செய்ய முடியுமா? எந்த கிட்டை எடுக்கலாம், பெயின்ட் எப்படி அடிக்கலாம்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் என்று ஒற்றை இறக்கை கிட்கள் சிலதைச் செய்து பழகியாயிற்று, கம்பஸ் லீவில் இன்னும் கஷ்டமான ஒன்றில் கை வைக்க ஆசை, ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தூவும் பேனா மாதிரிக் கருவி) இருக்கிறது, ஆனால் வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்து வீட்டில் பெயின்ட் சரிவருமா என்று யோசனை.

சரிவரும். ஃபேரி சோர்ட்ஃபிஷ் எடுங்கள், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை பறக்கவிட்ட டார்பிடோ விமானம். கஷ்டமான கிட் என்றால் நூற்றுக்கணக்கான துண்டு போட்ட ஜெட் விமானம் என்று பலர் நினைக்கிறார்கள். துண்டு கூடினால் நேரம்தான் கூடும், கஷ்டம் கூட வேண்டும் என்றில்லை. சோர்ட்ஃபிஷ்ஷில் மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, நடுவில் தூண்கள், தூண்களுக்கு இடையில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், மூன்று பேர் இருக்கும் திறந்த காக்பிட், மூக்கில் வெளியே தெரியும் ஒன்பது சிலிண்டர் பெகாசஸ் எஞ்சின், வயிற்றுக்குக் கீழே டார்பிடோ. எல்லாம் வெளியே கிடக்கிறது, மூடி மறைக்க எதுவும் இல்லை. ஏர்ஃபிக்ஸ் 1:72 அளவில் (நிஜத்தில் 72 இல் ஒரு பங்கு) போட்டிருக்கிறது, டமியா 1:48 இல். நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 13.87 மீட்டர், அதாவது 72 இல் 19 சென்ரிமீட்டர் சொச்சம், 48 இல் கிட்டத்தட்ட 29. கைக்கு 48 தான் லேசு, காசுக்கு 72 தான் லேசு. நான் 72 ஐ வைத்தே சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது நம்ம ஊர்க் கதை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த 788 ஆவது ஸ்குவாட்ரனின் ஆறு சோர்ட்ஃபிஷ்களும் ஜப்பானின் சீரோ சண்டை விமானங்களிடம் மாட்டி விழுந்தன. அன்றைக்குப் பிரித்தானிய ஹரிக்கேன் சண்டை விமானங்கள் எழும்பிய இன்னொரு ஓடுபாதை, இப்போது நாம் கோப்பி குடிக்கப் போகிற ரேஸ் கோர்ஸ். கொழும்பில் உள்ள ஒருவர் ஹரிக்கேனோ சோர்ட்ஃபிஷ்ஷோ செய்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஜெர்மன் விமானங்களைச் செய்ய உலகம் முழுக்க ஆள் இருக்கிறது.

இனி வேலை. இரட்டை இறக்கை விமானத்தில் கஷ்டம் முழுவதும் ஒழுங்கில்தான், எதை முதலில், எதைப் பிறகு என்பதில். ஒற்றை இறக்கை விமானத்தை முழுதாக ஒட்டி, பூசி, டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) போட்டு முடிக்கலாம், கிட்டோடு வரும் தாளும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டே போகச் சொல்லும். இதில் அப்படிப் போனால் மேல் இறக்கை ஏறிய பிறகு கீழ் இறக்கையின் மேற்புறத்துக்கு ஏர்பிரஷ் முனை ஒழுங்காகப் போகாது, தூண்களின் நிழல் பக்கத்தில் பிளாஸ்டிக் அப்படியே தெரியும். ஆகவே பசைப் போத்தலைத் திறக்குமுன் தாளை எடுத்து வைத்து, பென்சிலால் உங்கள் ஒழுங்கை எழுதுங்கள். உடலும் கீழ் இறக்கையும் வாலும் ஒரு கட்டு. மேல் இறக்கை தனி. தூண்கள் சட்டத்திலேயே (துண்டுகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) இருக்கட்டும், அங்கேயே பூசலாம். எஞ்சின், சில்லு, டார்பிடோ எல்லாம் தனித்தனி. நிறம், கிளாஸ் (பளபளப்புப் பூச்சு), டெக்கல், மட் வார்னிஷ் (மினுங்காத பூச்சு) அத்தனையும் இந்தக் கட்டுகளில் முடிந்த பிறகுதான் மேல் இறக்கை ஏற வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை: சட்டங்களைப் பாத்திரம் கழுவும் திரவம் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருக்கும், பெயின்ட் உரிவதற்குப் பாதி காரணம் அதுதான்.

நிறத்துக்கு வருவோம், இது எனக்குப் பிடித்த இடம். போரின் முதல் ஆண்டுகளில் பிரித்தானியக் கடற்படையின் இரட்டை இறக்கை விமானங்களுக்கு மேற்புறத்தில் இரண்டு நிறம் இல்லை, நாலு. மேல் இறக்கைக்கும் உடலின் மேற்புறத்துக்கும் எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே. கீழ் இறக்கையின் மேற்புறத்துக்கு அவற்றைவிட வெளிறிய டார்க் சீ கிரே, லைட் ஸ்லேட் கிரே. மேல் இறக்கையின் நிழல் கீழ் இறக்கையில் விழுந்து அதைக் கறுப்பாகக் காட்டும் அல்லவா, அதை ஈடுகட்டி மேலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே கடல் போலத் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. பலர் இதைக் கவனிக்காமல் இரண்டு நிறத்தோடு விட்டுவிடுகிறார்கள், பிறகு மாடல் ஏன் கனத்துப்போய்த் தெரிகிறது என்று யோசிக்கிறார்கள். நீங்கள் தெரிவு செய்யும் விமானத்தின் படத்தையும் ஆண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு இந்த நாலு நிறத்தையும் அடியுங்கள், பாதி அழகு அங்கேயே வந்துவிடும். இரண்டு நிறம் சந்திக்கும் ஓரத்துக்கு மாஸ்கிங் ரேப் ஒட்டாதீர்கள். புளூ டக்கை (சுவரில் படம் ஒட்டும் களிமண் மாதிரிப் பசை) புழு மாதிரி உருட்டிக் கோட்டில் வைத்து, ஏர்பிரஷ்ஷை நேர் மேலே பிடித்து அடித்தால் ஓரம் மெல்லக் கரையும். அழுத்தம் 15 இலிருந்து 20 பிஎஸ்ஐ போதும்.

இனி ஈரக்காற்று. கொழும்பில் ஈரப்பதன் சாதாரண நாளிலேயே 75, 80 சதவீதம் நிற்கும். லக்கர் பெயின்ட் (கடும் தின்னரில் கரைத்து அடிப்பது), லக்கர் கிளாஸ் அடிக்கும்போது தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்கும், குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படியும், அதுதான் அடித்த இடம் பால் ஊற்றினாற்போல வெளிறிப்போவதற்குக் காரணம். மழை பெய்து ஓய்ந்த மாலையில் லக்கரைத் தொடவே வேண்டாம். மத்தியானத்தில் ஈரப்பதன் இறங்கும், அப்போது அடியுங்கள். வெளிறிவிட்டால் பயப்படத் தேவையில்லை, மெதுவாகக் காயும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லியதாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். டமியா அக்ரிலிக் இவ்வளவு தொல்லை தராது, அதன் சொந்தத் தின்னரிலோ ஐசோபுரொப்பைல் அல்கஹோலிலோ கரைக்கலாம். ஆனால் வலேஹோ மாதிரித் தண்ணீர்ப் பெயின்ட்டில் அல்கஹோல் ஊற்றிவிடாதீர்கள், கட்டி கட்டியாகி ஏர்பிரஷ்ஷை அடைக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை கொம்பிரசர். நம் ஊர்க் காற்றை அமுக்கினால் அதிலுள்ள தண்ணீரும் சேர்ந்து வரும். கொம்பிரசரை விட்டு வரும்போது காற்று சூடாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகவே குழாய்க்குள் போய், குழாயில் ஆறிய பிறகுதான் துளியாகும். அதனால் கொம்பிரசரில் பூட்டி வரும் வடிகட்டி மட்டும் போதாது, ஏர்பிரஷ்ஷின் கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு ஈரப்பொறி பூட்டுங்கள். டாங்க் உள்ள கொம்பிரசர் என்றால் வேலை முடிந்ததும் அடி நட்டைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள், வடிவதைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். லக்கர் அடித்தால் முகமூடியும் ஜன்னலுக்கு வெளியே தள்ளும் ஃபேனும் கட்டாயம். ஏசி அறையில் ஈரம் குறைவு என்று கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பது சுத்த முட்டாள்தனம்.

சாமான் எங்கே எடுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். தீப்பற்றும் பெயின்ட் விமானத் தபாலில் வராது, வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவின் சூட்கேஸிலும் போடக் கூடாது. தண்ணீர் அக்ரிலிக்கைக் கொண்டுவரச் சொல்லலாம், மற்றது இங்கே கிடைக்கும்போது வாங்கி வைப்பதுதான். ஏர்பிரஷ் கழுவ வாகனப் பெயின்ட் கடையின் என்சி தின்னர் போதும், ஆனால் அதைப் பிளாஸ்டிக்கில் அடிக்கும் பெயின்ட்டில் கலக்காதீர்கள், பரப்பைத் தின்றுவிடும். மெல்லிய துளையூசி, சாமணம், பொடி அரம் எல்லாவற்றுக்கும் செட்டியார் தெருப் பக்கம் நகைப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். ஹொபிக் கடைப் பெட்டியில் வருவதைவிடத் தரமாக இருக்கும், விலையும் குறைவு.

கம்பி. இதற்குப் பயந்துதான் பலர் இரட்டை இறக்கையைத் தொடுவதில்லை. எந்தக் கம்பி எதற்கு என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். உடலின் அடியிலிருந்து வெளிப்புறமாக மேல் இறக்கைக்கு ஏறுபவை பறக்கும்போது இறக்கை மேலே மடங்கிப் போகாமல் பிடிப்பவை. மேலே நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கீழ் இறக்கைக்கு இறங்குபவை தரையில் நிற்கும்போது இறக்கையின் பாரத்தைத் தாங்குபவை. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் எக்ஸ் வரும். மீன்பிடி நைலோனில் ஆக மெல்லியதை எடுங்கள். 0.1 மில்லிமீட்டர் நூல் 72 இல் நிஜத்தின் 7 மில்லிமீட்டருக்குச் சமம், அது பொருந்தும். 0.2 போட்டால் விமானம் கயிற்றால் கட்டினமாதிரி ஆகிவிடும்.

செய்யும் விதம் இப்படி. பெயின்ட் அடிக்க முன்பே 0.3 துளையூசியால் மேல் இறக்கையின் அடிப்புறத்தில் அரைவாசி ஆழத்துக்கு மட்டும் துளை போடுங்கள், மேலே வந்துவிடக் கூடாது. கீழ் இறக்கையில் முழுத்துளை. உடலின் அடியில் முடியும் கம்பிகளுக்கும் அப்படியே. நைலோனைக் கறுப்பு மார்க்கர் முனையால் இழுத்து நிறம் ஏற்றுங்கள். பூச்செல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு துண்டின் நுனியையும் சூப்பர் கிளூவில் தொட்டு மேல் இறக்கைத் துளைகளில் குத்துங்கள், நூல்கள் தாடி மாதிரித் தொங்கும், தொங்கட்டும். பிறகு தூண்கள் குந்தும் இடங்களில் பெயின்ட்டைக் கத்திமுனையால் சுரண்டிவிட்டு (கிட் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும், பெயின்ட்டுக்கு மேல் ஒட்டினால் ஒருநாள் கழன்று வரும்) மேல் இறக்கையை ஏற்றுங்கள். ரிஜிஃபோம் துண்டில் இரண்டு இறக்கைக்கும் இடைவெளி அளந்து வெட்டி முட்டுக்கொடுத்தால் கை நடுங்கினாலும் இறக்கை நகராது. முன்னாலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக நிற்கிறதா என்று. நன்றாகக் காய்ந்த பிறகு, அடுத்த நாள், நூல்களைக் கீழ்த் துளைகளால் இழுத்து, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி, உள்ளேயிருந்து வெளியே போய்க்கொண்டு ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இறக்கை முறுகும். மிச்ச நூலை அடிப்புறத்தில் வெட்டி, துளையை நிரப்பி, ஸ்கை கிரேயைத் தூரிகையால் தொட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

எவ்வளவு இழுத்தாலும் ஒன்றிரண்டு தொய்யும். அதற்கு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, கனலும் நுனியை நூலுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், தொடாமல். நைலோன் சுருங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேராகிவிடும். தொட்டால் அறுந்தது. ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், புகை ஆடினால் கனல் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அறை முழுக்கச் சந்தன வாசம் வரும், அம்மாவும் பெயின்ட் மணத்துக்கு ஏசமாட்டார்.

சூப்பர் கிளூ ஈரத்தால் இறுகும் சாமான், அதனால் இங்கே நினைப்பதைவிட வேகமாகப் பிடிக்கும். அதன் ஆவி பக்கத்தில் உள்ள கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், எனவே முன் கண்ணாடியை வெள்ளைக் கம்மால் ஒட்டுங்கள். போத்தலைக் காற்றுப் போகாத டப்பியில் ஃபிரிஜ்ஜில் வைத்து, எடுத்ததும் உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் நீண்ட நாள் நிற்கும்.

டெக்கல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி மட்டும்: மட் பூச்சின் மேல் நேரே போட்டால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும், முதலில் கிளாஸ், பிறகு டெக்கல், பிறகு மட்.

சில்லு, டார்பிடோ, காற்றாடி மூன்றையும் கம்பி வேலை முடியும் வரை ஒட்டாதீர்கள், மாடலைத் தலைகீழாகக் கவிழ்த்து நூல் இழுக்கும்போது முதலில் உடைவது அவைதான். கிட் கைக்கு வந்ததும் கம்பி வரைபடம் உள்ள பக்கத்தைப் படமெடுத்துக் கீழே பதிலில் போடுங்கள், எந்தத் துளை எங்கே என்று குறித்துத் தருகிறேன்.