120,000 ரூபாவுக்கு மூன்று பாவித்த லேப்டொப்: எதை எடுப்பது?

கேள்வி: நான் சம்பூரில் இருக்கிறேன். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அப்பா சீட்டு எடுத்துத் தந்த 120,000 ரூபா கையில் இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்க அது காணாது என்பதால் பாவித்த லேப்டொப்கள் மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். திருகோணமலை டவுனில் ஒரு கடையில் லெனோவோ திங்க்பேட் டி480 (ஐ5-8350யூ, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி) 95,000 ரூபா. அதே கடையில் எச்பி எலைட்புக் 840 ஜி5, அதே அளவுகள், 102,000 ரூபா. கொழும்பில் ஒருவர் ஒன்லைனில் போட்டிருக்கும் டெல் லேட்டிட்யூட் 7480 (ஐ7-7600யூ, 16 ஜிபி, 512 ஜிபி) 90,000 ரூபா. காசு போட்டால் கூரியரில் அனுப்புவாராம். ஐ7, விலையும் குறைவு என்று அண்ணன் டெல்லையே எடுக்கச் சொல்கிறார். எதை எடுக்கட்டும்?

பதில்: தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். டெல்லை விட்டுவிடுங்கள். டவுனில் உள்ள இரண்டில் டி480ஐ முதலில் போய்ப் பாருங்கள். ஸ்கிரீனும் பற்றரியும் தேறினால் அதையே எடுங்கள், தேறாவிட்டால் எச்பி. காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். அண்ணனிடமும் காட்டுங்கள், அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

ஐ7 என்றால் ஐ5ஐ விடப் பெரிது என்பது ஒரே வருடத்து இன்டெல் சிப்கள் (லேப்டொப்பின் மூளை) இரண்டை ஒப்பிடும்போதுதான் பெரும்பாலும் சரி. ஐ7-7600யூ என்பதில் கோட்டுக்குப் பிறகு வரும் 7 தான் தலைமுறை. ஐ5-8350யூ எட்டாம் தலைமுறை. ஏழாம் தலைமுறை வரை இன்டெல் இந்த 'யூ' வகை சிப்களில், ஐ5 ஆனாலும் ஐ7 ஆனாலும், இரண்டு கோர்தான் (கோர் என்றால் சிப்பில் வேலை செய்யும் பகுதி) வைத்தது. 2017 ஆகஸ்டில் எட்டாம் தலைமுறையை அறிவித்தபோது ஐ5, ஐ7 இரண்டுக்கும் அதை நாலாக்கியது. புரோகிராம் கம்பைல் பண்ணும்போதும், பிரவுசரில் பத்து டேப் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு வீடியோ வகுப்பு ஓடும்போதும், அந்த நாலு கோர் ஐ5 உங்கள் அண்ணன் விரும்பும் ஐ7ஐ முந்திவிடும்.

இரண்டாவது காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்கும் இன்டெல் சிப்கள், ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. 7600யூ அந்த விதிவிலக்கில் இல்லை. விற்பவர் அதில் விண்டோஸ் 11 போட்டுக் காட்டலாம், மைக்ரோசொஃப்டின் சிப் சோதனையைத் தாண்டிப் போட வழி இருக்கிறது, ஓடவும் ஓடும். ஆனால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை. நாலு வருடப் படிப்புக்கு வாங்கும் மெஷினில் அந்தத் தலையிடி வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மட்டும் பாவிப்பேன் என்றால் கதை வேறு, அதற்கு ஏழாம் தலைமுறை தாராளமாகப் போதும்.

அண்ணன் சொல்வதில் நியாயமான பாதி எது என்றால், 16 ஜிபி ரேம். அது உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும். போன் செயலி எழுதும் ஆன்ட்ரொய்ட் ஸ்டூடியோவைத் திறந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். ஆனால் ரேமையும் எஸ்எஸ்டியையும் நாளைக்கும் மாற்றலாம். சிப் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டது, அதை மாற்ற முடியாது. மாற்ற முடியாததை முதலில் சரியாக எடுக்க வேண்டும். டி480, 840 ஜி5 இரண்டிலும் ரேமுக்கு இரண்டு இடம் உண்டு. 8 ஜிபி ஒரே துண்டாக இருக்கிறதா, நாலும் நாலுமாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரே துண்டு என்றால் மிஞ்சும் காசில் டிடிஆர்4 வகை ரேம் இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் வேலை முடிந்தது. ஒன்று கவனம்: டி480எஸ் என்று 'எஸ்' சேர்ந்த மெலிந்த மொடலும் டி490உம் ரேமின் ஒரு பகுதி ஒட்டப்பட்டு, ஒரே ஒரு இடத்தோடு வருபவை. பெயரை முழுதாகப் படித்துவிட்டு எடுங்கள்.

காசை முன்னால் போட்டுக் கூரியரில் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாவித்த சாமானைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அந்த மனிதர் நேர்மையானவராகவே இருக்கலாம். பிழை வந்தால் நீங்கள் ஒரு நாளைச் செலவழித்துக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். டவுன் கடை என்றால் அடுத்த நாளே போய் நிற்கலாம்.

சரி, டி480ஆ 840ஆ? எனக்கு டி480 பிடிப்பதற்குப் பெரிய காரணம் அதன் பற்றரி. உள்ளே 24 வாட்-அவரில் (பற்றரியின் கொள்ளளவு) ஒன்றும், பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய ஒன்றும் இருக்கும். பின்பற்றரியில் 24 வாட்-அவர் சிறியதும் உண்டு, அடியில் புடைத்துக்கொண்டிருக்கும் 72 வாட்-அவர் பெரியதும் உண்டு. பின்பற்றரி போய்விட்டால் கிளிப்பைத் தள்ளிக் கழற்றிப் புதிதை நீங்களே மாட்டலாம். உள்பற்றரியில் சார்ஜ் இருந்தால் மெஷினை அணைக்கவும் வேண்டாம். மார்கழி மழையில் கரண்ட் போகும் இரவுகளில் அதன் அருமை தெரியும். எச்பி அலுமினிய உடல், பார்க்க அழகு, பையில் லேசு, ஆனால் பற்றரி ஒன்றுதான், அதுவும் மூடிக்குள்.

டி480இன் பலவீனம் ஸ்கிரீன். அந்த மொடலில் 1366க்கு 768 என்ற பழைய ஸ்கிரீனோடும் நிறைய வந்தன. டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து 1920க்கு 1080 என்று வருகிறதா பாருங்கள். அப்புறம் தலையைப் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பாருங்கள், நிறம் வெளிறினால் அது மலிவு ஸ்கிரீன். நாலு வருடம் கோட் படிக்கப்போகும் கண்ணுக்கு அது வேண்டாம், எச்பிக்குப் போங்கள். எச்பியிலும் ஒரு வகை இருக்கிறது: பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் மறைக்கும் ஸ்கிரீன். மறைப்பை அணைத்தாலும் பக்கவாட்டில் மங்கலாகவே தெரியும். நண்பிகளோடு சேர்ந்து ஒரு ஸ்கிரீனைப் பார்ப்பவருக்கு அது சரிவராது.

கடைக்குப் போகும்போது பென் டிரைவ், இயர்போன், போனில் டேட்டா கொண்டுபோங்கள். அவசரமில்லாத நேரமாகப் பார்த்து ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், பூட்டு. 2023இல் என் அக்காவின் மகனுக்கு ஒரு லேப்டொப் வாங்கிக் கொடுத்தேன். பளிச்சென்று இருந்தது, ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அவன் விண்டோஸைப் புதிதாகப் போட்டு வைஃபையில் இணைத்ததும், நாங்கள் கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் பெயர் ஸ்கிரீனில் வந்து, அந்தக் கம்பனி ஈமெயிலால் உள்நுழையச் சொன்னது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. நடந்தது இதுதான்: வெளிநாட்டுக் கம்பனிகள் தங்கள் லேப்டொப்களை மைக்ரோசொஃப்டின் ஓட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் பதிந்து வைக்கின்றன. விற்கும்போது சிலர் அந்தப் பதிவை நீக்க மறந்துவிடுவார்கள். இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டால் பூட்டு வெளியே தெரியாது. மறுபடி போடும்போது தலைகாட்டும்.

அதனால் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணா, என் முன்னால் புதுசா விண்டோஸ் போட்டுத் தருவீங்களா? நெட் நான் ஹொட்ஸ்பொட் தாறன்." அரை மணித்தியாலம் அளவில் முடியும் வேலை. நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். கம்பனிப் பெயர் எதுவும் வராமல் சாதாரணமாக உள்ளே போனால் அந்தப் பயம் தீர்ந்தது. ஒன் பண்ணும்போது லெனோவோவில் எஃப்1, எச்பியில் எஃப்10 அழுத்தி பயோஸுக்குள்ளும் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டு, அது கடைக்காரருக்கும் தெரியாது என்றால், விலையை எவ்வளவு குறைத்தாலும் எடுக்க வேண்டாம். விண்டோஸ் போட்டு முடிந்ததும் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். இந்த வகை மெஷின்களில் விண்டோஸ் ப்ரோ லைசன்ஸ் பெரும்பாலும் பயோஸிலேயே பதிந்திருக்கும், இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது பற்றரி. கடைக்காரரிடம் விண்டோஸின் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரே ஒரு கட்டளை. அதில் டிசைன் கபாசிட்டி என்றும் ஃபுல் சார்ஜ் கபாசிட்டி என்றும் இரண்டு எண் வரும். முதலாவது 50,000, இரண்டாவது 30,000 என்றால் பற்றரியில் அறுபது வீதம்தான் மிச்சம். டி480இல் இரண்டு பற்றரிக்கும் தனித்தனியாக வரும், இரண்டையும் பாருங்கள். எண் எழுபது வீதத்துக்குக் கீழே என்றால் விலை பேச அதுவே காரணம். ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல் சார்ஜரைக் கழற்றி இருபது நிமிடம் வீடியோ ஓட விடுங்கள். முப்பது வீதம் இறங்கினால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அந்தப் பற்றரி போனதுதான். எச்பியை மேசையில் வைத்து டச்பேட் மேலே தூக்கி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தூக்கியிருந்தால் உள்ளே பற்றரி வீங்கியிருக்கலாம், அது ஆபத்து.

நம்முடைய ஊருக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. மெஷினைக் கவிழ்த்து அடிப்பக்க ஸ்க்ரூக்களைப் பாருங்கள். போன் டோர்ச்சை அடித்து யூஎஸ்பி துளைகளுக்குள்ளும் பாருங்கள். ஸ்க்ரூவில் துருவும் துளைக்குள் பச்சைப் படிவும் இருந்தால் உப்புக்காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு ஓடும், போர்ட் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது. நீங்கள் போய் இருக்கப்போகும் இடமும் கடற்கரைப் பக்கம்தான். கடல் பார்த்த ஜன்னலோரம் திறந்து வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் மூடிப் பைக்குள் வையுங்கள்.

மிச்சம் எல்லாம் சின்ன வேலை. நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயையும் அழுத்துங்கள். என்டர் கீ தலைகீழ் 'எல்' மாதிரி இருந்து எழுத்துகள் ஸ்டிக்கரில் இருந்தால் அது வேறு நாட்டு கீபோர்ட், அடைப்புக்குறிகள் இடம் மாறியிருக்கும், கோட் எழுதுபவருக்கு அது தினமும் எரிச்சல். பென் டிரைவை எல்லாத் துளையிலும் செருகுங்கள், இயர்போனைக் குத்திப் பாருங்கள், கமெராவில் முகத்தைப் பாருங்கள். மூடியை நாலு தரம் திறந்து மூடுங்கள், பிணைச்சல் தளர்ந்திருக்கக் கூடாது.

சார்ஜர் 65 வாட் டைப்-சி ஆக இருக்கட்டும். இரண்டு மெஷினும் அதை ஏற்கும். வொரண்டியை வாயால் சொன்னால் போதாது. பில்லில் மொடல், சீரியல் இலக்கம், எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள்.

டி480 எடுத்தால் வீட்டுக்குப் போன அன்றே ஒரு வேலை செய்ய வேண்டும். 2017, 2018 காலத்துத் திங்க்பேட் பலவற்றில் தண்டர்போல்ட் எனும் டைப்-சி போர்ட்டை இயக்கும் ஃபேர்ம்வேரில் (உள்ளே பதிந்த மென்பொருள்) ஒரு கோளாறு இருந்தது. திருத்தாமல் விட்டால் ஒரு நாள் டைப்-சி போர்ட் சார்ஜ் ஏற்பதையே நிறுத்திவிடும். லெனோவோ திருத்தம் வெளியிட்டுவிட்டது, ஆனால் முந்திய சொந்தக்காரர் போட்டாரா என்று உங்களுக்குத் தெரியாது. லெனோவோ வான்டேஜ் என்ற இலவச செயலியை இறக்கி, தண்டர்போல்ட் அப்டேட் காட்டினால் சார்ஜரைக் கழற்றாமல் அதைப் போட்டு முடியுங்கள். வீட்டில் கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.