அணைய மறுக்கும் விஎம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மெய்நிகர் கணினி (ஒரு நிஜக் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), அதாவது நாம் விஎம் என்று சொல்வது, ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் படுத்துகிறது என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் மனதுக்கு நெருக்கமான விஷயம் இது. அவசரத்தில் வலுக்கட்டாயமாக அணைத்து, மறுநாள் டேட்டாபேஸ் எழுந்திருக்காமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: சார், பிராக்ஸ்மாக்ஸில் (விஎம்களை நடத்தும் மென்பொருள்) ஷட்டவுன் கொடுத்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு டைம்அவுட் என்கிறது. உள்ளே உபுண்டு நன்றாகத்தான் ஓடுகிறது. என்ன காரணம்?

முதலில் அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது விஎம்மை அணைப்பதில்லை. "நீயே அணைந்துகொள்" என்று உள்ளே இருக்கும் கெஸ்ட்டிடம் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்திடம்) கேட்கிறது, அவ்வளவுதான். கேட்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஏசிபிஐ: கேபினெட்டில் இருக்கும் பவர் பட்டனை யாரோ ஒரு முறை அழுத்தியது போன்ற சைகை. இன்னொன்று கியூஇஎம்யூ (விஎம்மை ஓட்டும் மென்பொருள்) கெஸ்ட் ஏஜென்ட்: கெஸ்ட்டுக்குள் ஓடும் ஒரு சின்ன புரோகிராம், நேரடியாக உத்தரவை வாங்கிக்கொள்ளும்.

உங்கள் விஎம்மின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கெஸ்ட் ஏஜென்ட் டிக் ஆகியிருக்கும், ஆனால் உபுண்டுவுக்குள் அந்தப் பேக்கேஜை நிறுவியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். டிக் இருந்தால் பிராக்ஸ்மாக்ஸ் ஏஜென்ட்டிடம்தான் பேசும். அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை என்பதால் காத்திருந்து டைம்அவுட் ஆகிறது. ஏஜென்ட்டை நிறுவுங்கள், அல்லது டிக்கை எடுத்துவிடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிக்கை மாற்றினால், உபுண்டுவுக்குள்ளிருந்து ரீபூட் செய்வது மட்டும் போதாது. ஏஜென்ட் பேசுகிற மெய்நிகர் சீரியல் போர்ட், விஎம் முழுதாக நின்று மறுபடி தொடங்கும்போதுதான் இணைகிறது. பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: அதே பிரச்சினைதான் எனக்கும். பொறுமை இழந்து ஸ்டாப் அழுத்தினால், லாக் (பூட்டு) கிடைக்கவில்லை என்று அதுவும் மறுக்கிறது.

முந்தைய ஷட்டவுன் வேலை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது, லாக் அதன் கையில் இருக்கிறது. கீழே டாஸ்க் பட்டியலில் அதைத் திறந்து நிறுத்துங்கள், அப்புறம் ஸ்டாப் கொடுங்கள். லாக் ஃபைலைக் கையால் அழிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, லினக்ஸ் கெஸ்ட்டை அணைக்கும்போது "எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்" என்று வந்து ஒன்றரை நிமிடம் நிற்கிறது. இந்த நேரத்தை 10 விநாடியாகக் குறைத்துவிடலாமா?

எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைக்க வேண்டாம், தயவுசெய்து.

அந்த ஒன்றரை நிமிடம் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் புரோகிராம்) வைத்திருக்கும் இயல்பான அவகாசம், 90 விநாடி. ஒரு சர்வீஸை நிற்கச் சொல்லிவிட்டு அவ்வளவு நேரம் பார்க்கும். நிற்காவிட்டால் சிக்கில் என்ற கட்டாய நிறுத்தச் சிக்னலை அனுப்பிக் கொன்றுவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ரீபூட் வேகமாக நடக்க வேண்டும் என்று ஒருவர் எல்லா சர்வர்களிலும் இதை 10 விநாடியாக்கி வைத்திருந்தார். அதில் ஒன்றில் பெரிய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஓடியது. மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி முடிக்க அதற்கு 10 விநாடி எப்படிப் போதும்? ஒவ்வொரு ரீபூட்டிலும் பாதியில் கொல்லப்பட்டு, திரும்ப எழும்போது ரெக்கவரியில் உட்கார்ந்துவிடும். ஷட்டவுனில் மிச்சம் பிடித்த ஒரு நிமிடத்துக்காகக் காலையில் அரை மணி நேரம் எல்லாரும் காத்திருந்தோம். காரணம் தெரிய எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

எந்த சர்வீஸ் நிற்க மறுக்கிறது என்று அந்த வரியிலேயே பெயர் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பூட் ஆனதும் ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு மைனஸ் பி, மைனஸ் 1 சேர்த்துப் போட்டால் முந்தைய ஓட்டத்தின் பதிவு, கடைசி நிமிடங்கள் உட்பட, கிடைக்கும். ஒன்றும் வரவில்லை என்றால் பதிவு மெமரியில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். வார் லாக் (/var/log) ஃபோல்டருக்குள் ஜர்னல் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்தால் அதன் பிறகு டிஸ்க்கில் தங்கும்.

நான் பார்த்தவரை அடிக்கடி சிக்குவது என்எஃப்எஸ், அதாவது நெட்வொர்க் வழியே வேறு கணினியின் ஃபோல்டரை இணைக்கும் (மவுன்ட் செய்யும்) முறை. நெட்வொர்க் முதலில் இறங்கிவிட்டால், மவுன்ட்டைக் கழற்ற வேண்டிய நேரத்தில் எதிர்முனை இருக்காது. எஃப்எஸ்டேப் (மவுன்ட்களின் பட்டியல் இருக்கும் ஃபைல்) வரியில் அண்டர்ஸ்கோர் நெட்டெவ் என்ற ஆப்ஷன் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் மவுன்ட் கழன்ற பிறகுதான் நெட்வொர்க் இறங்கும். பிரச்சினை வேறு ஏதோ சொந்த ஸ்கிரிப்ட் சர்வீஸ் என்றால், அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் டைம்அவுட்ஸ்டாப்செக் மதிப்பைக் குறையுங்கள்.

கேள்வி: விண்டோஸ் விஎம் சில நாள் அணைகிறது, சில நாள் அணைவதில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டனை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். அது "ஸ்லீப்" அல்லது "டூ நத்திங்" என்று இருந்தால் ஏசிபிஐ சைகை வீண். ஷட்டவுன் என்று மாற்றுங்கள். சில நாள் மட்டும் என்பதால் இன்னும் இரண்டு சந்தேகம் வருகிறது. சேமிக்காத நோட்பேட் மாதிரி ஏதாவது ஷட்டவுனைத் தடுத்து நிற்கலாம். கன்சோலைத் திறந்து பாருங்கள், திரையிலேயே சொல்லும். அல்லது அணையும் நேரத்தில் அப்டேட் நிறுவிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் கை வைக்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் முடியட்டும்.

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவில் 1074 என்ற எண் இருந்தால் முறையான ஷட்டவுன் கோரிக்கை வந்திருக்கிறது, யார் கேட்டார்கள் என்றும் இருக்கும். 6008, அல்லது கெர்னல் பவர் 41 இருந்தால் முந்தைய முறை பாதியில் அறுந்திருக்கிறது.

கியூஇஎம்யூ மேல் ஓடுகிறதென்றால் விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவில் (விஎம்முக்கான விண்டோஸ் டிரைவர்கள் இருக்கும் டிஸ்க் ஃபைல்) விண்டோஸுக்கும் கெஸ்ட் ஏஜென்ட் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹால்ட் கொடுத்தேன். "சிஸ்டம் ஹால்டெட்" என்று வந்து அப்படியே நிற்கிறது. விஎம் ரன்னிங் என்றே காட்டுகிறது.

கோளாறு இல்லை. ஹால்ட் என்றால் ஓட்டத்தை நிறுத்துவது, பவரை அணைப்பது வேறு. பவர்ஆஃப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் ஷட்டவுன் மைனஸ் எச் இதையேதான் செய்யும், அங்கே மைனஸ் பி போட வேண்டும்.

கேள்வி: என்னுடையது நேர் எதிர். அணைத்தால் தானாகவே திரும்ப எழுகிறது!

பிராக்ஸ்மாக்ஸில் ஹெச்ஏவில் (நின்றுபோன விஎம்மைத் தானாகத் திரும்ப எழுப்பும் வசதி) சேர்த்திருக்கிறீர்களா? கெஸ்ட்டுக்குள்ளிருந்து அணைத்தால் ஹெச்ஏ அதை விபத்து என்று எடுத்துக்கொண்டு திரும்பத் தொடங்கும். ஹெச்ஏவில் அதன் நிலையை ஸ்டாப்டு என்று மாற்றுங்கள். லிப்வர்ட் (லினக்ஸில் விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) என்றால் விஎம்மின் அமைப்பு இருக்கும் எக்ஸ்எம்எல்லில் ஆன் பவர்ஆஃப் "ரீஸ்டார்ட்" என்று இருக்கிறதா பாருங்கள், "டெஸ்ட்ராய்" என்று இருக்க வேண்டும்.

கேள்வி: டெஸ்ட்ராய் என்றால் பயமாக இருக்கிறதே. லிப்வர்ட்டின் விர்ஷ் கட்டளையில் டெஸ்ட்ராய் கொடுத்தால் டிஸ்க் போய்விடுமா?

போகாது. ஓடும் கணினியின் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். டிஸ்க்கும் அமைப்பும் அப்படியே இருக்கும், எழுதி முடிக்காத டேட்டா மட்டும் ஆபத்தில் இருக்கும். அமைப்பை நீக்குவது அன்டிஃபைன்.

கேள்வி: ஏசிபிஐ, ஏஜென்ட் எதற்கும் பதில் இல்லை. திரை உறைந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்குவதைத் தவிர வழி இல்லையா?

முதலில் விர்ஷ் டொம்ஸ்டேட் கட்டளையை மைனஸ் மைனஸ் ரீசன் சேர்த்துக் கொடுங்கள். "பாஸ்டு" என்று வந்தால் ஹோஸ்ட்டில் (விஎம்களைத் தாங்கும் நிஜக் கணினியில்) டிஸ்க் இடம் தீர்ந்திருக்கிறதா பாருங்கள். எழுத இடம் இல்லாதபோது கியூஇஎம்யூ விஎம்மை நிறுத்திவைக்கும், நிறுத்திவைத்த விஎம்முக்கு எந்த ஷட்டவுன் கோரிக்கையும் கேட்காது. இடத்தை விடுவித்து ரெசூம் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். இந்த நிலையில் அவசரப்பட்டு டெஸ்ட்ராய் கொடுத்தவர்களை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

"ரன்னிங்" என்று வந்தால், லினக்ஸ் கெஸ்ட்டுக்கு விர்ஷ் சென்ட்கீ மூலம் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ இரண்டோடு எஸ், பிறகு யு, பிறகு ஓ என்று ஒவ்வொன்றாக அனுப்புங்கள். எஸ் மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதும், யு ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்று மாற்றும், ஓ அணைக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில விநாடி விடுங்கள். உபுண்டுவின் இயல்பான அமைப்பே இந்த மூன்றையும் அனுமதிக்கிறது. இதற்கும் அசையவில்லை என்றால் டெஸ்ட்ராய் கொடுங்கள், அதில் தவறில்லை.

கேள்வி: ஹோஸ்ட்டை ரீபூட் செய்யும்போது உள்ளே இருக்கும் விஎம்கள் என்ன ஆகும்?

பிராக்ஸ்மாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் இயல்பாக 180 விநாடி காத்திருக்கும். லிப்வர்ட்டில் லிப்வர்ட் கெஸ்ட்ஸ் என்ற சர்வீஸ் இதைக் கவனிக்கும். அதன் அமைப்பு ஃபைலில் ஆன் ஷட்டவுன் "சஸ்பெண்ட்"டா "ஷட்டவுன்"னா என்று நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர் வி, நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால், நிலையைச் சேமித்து வைக்கும். டேட்டாபேஸ் ஓடும் விஎம் இருந்தால் அது அணைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு நாள் கடிகாரம் வைத்து அளந்து, அதைவிடத் தாராளமாக அவகாசம் கொடுங்கள். யுபிஎஸ் பேட்டரி அந்த மொத்த நேரமும் தாங்குமா என்பதையும் அன்றே சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.