யூரோவைப் பெருக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 59 வயது. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று திருச்சியில் இருக்கிறேன். கணவர் இல்லை. ஒரே மகள், 31 வயது, மியூனிக்கில் வேலை. வரும் மே மாதம் அவளிடம் போய் ஐந்து வாரம் தங்கப்போகிறேன். அதில் பத்து நாள் இத்தாலி. டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவள் செலவு.

அவள் போட்ட திட்டம்: ரோம் நான்கு நாள், ஃப்ளாரன்ஸ் நான்கு நாள், மிலன் இரண்டு நாள். அவ்வளவுதான். பைசா கோபுரம் இல்லை, வெனிஸ் இல்லை, பாம்பேய் இல்லை. இங்கே டூர்காரர்கள் பத்து நாளில் ஐந்து நாடு காட்டுகிறார்கள். நானும் யோசித்து பதினோரு ஊர் கொண்ட ஒரு பட்டியல் அனுப்பினேன். "அம்மா, நீ எதுவும் பிளான் பண்ண வேண்டாம், வந்தா போதும்" என்று பதில் போட்டாள். மனசு கஷ்டமாகிவிட்டது. குழந்தை செலவில் போவதும் உறுத்துகிறது. பத்து நாளும் ஒரே அறையில்தான் இருக்கப்போகிறோம், அவள் கல்யாண விஷயத்தையும் நிதானமாகப் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

நீங்கள் மகனோடு இத்தாலி போய்வந்ததைப் பற்றி முன்பு இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். யார் திட்டம் சரி? விசா எங்கே போடுவது? சைவச் சாப்பாடு கிடைக்குமா? பொடி வகைகள் எடுத்துப்போகலாமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

உங்கள் மகள் திட்டம்தான் சரி. அதிலும் ஃப்ளாரன்சுக்கு நான்கு நாள் ஒதுக்கியிருக்கிற பெண் விஷயம் தெரிந்தவள். அந்தப் பதினோரு ஊர் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ரோமிலிருந்து ஃப்ளாரன்சுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அறையைக் காலி செய்து, கல் பாவிய தெருவில் பெட்டியை உருட்டி, ரயில் பிடித்து, இறங்கி, அடுத்த அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்று பெட்டியை எங்கோ போட்டுவிட்டு நிமிர்ந்தால் பொழுது பாதி போயிருக்கும். பதினோரு ஊர் என்றால் பெட்டி உருட்டத்தான் போகிறீர்கள். ஒரே நாளில் நவக்கிரகம் ஒன்பதும் பார்த்த பஸ்சில் நீங்களும் போயிருப்பீர்கள். எந்தக் கோயிலில் என்ன பார்த்தீர்கள் என்று இப்போது சொல்ல முடியுமா? செருப்பை எங்கே விட்டோம் என்பதுதான் ஞாபகம் இருக்கும்.

விசா சுலபமான விஷயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது ஜெர்மனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். மற்றதெல்லாம் மகளுக்குத் தெரிந்திருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும், கொலோசியம் டிக்கெட்டில் பெயர் போட்டிருக்கும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் கூகிளில் தேடி அவளுக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பத்தான் கை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

"வந்தா போதும்" என்று ஒரு பெண் அம்மாவுக்கு எழுதியிருக்கிறாள். அதைப் படித்து உங்களுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது! எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் அப்படி ஒரு வரி வராதா என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம், 31 வயதுப் பெண்ணை எதற்குக் "குழந்தை" என்று எழுதுகிறீர்கள்? அந்த வயதில் நீங்கள் வங்கியில் உட்கார்ந்து ஊராருக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அன்றைக்கு யாராவது உங்களைக் குழந்தை என்றிருந்தால் விட்டிருப்பீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் பாதி எனக்கே சொல்லிக்கொள்வது. உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் மகன் பேசினான். "அப்பா, அடுத்த வருஷம் ஜப்பான் போலாமா?" என்றான். நான் வாயைத் திறந்து முதலில் கேட்டது "எவ்வளவு ஆகும்?" என்று. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. முதல்தடவை அதைக் கேட்டது ரோமில், 2017இல்.

பியாட்சா நவோனா என்று ஒரு நீள்வட்டச் சதுக்கம். நடுவில் பெர்னினி செய்த நான்கு நதிகளின் நீரூற்று. அந்த நான்கில் நம் கங்கையும் உண்டு, ஒரு ஆண் உருவமாக, கையில் துடுப்போடு. மகன் அதைக் காட்டத்தான் கூட்டிப்போனான். எதிரே நாற்காலி போட்ட ஒரு கடையில் உட்கார்ந்து இரண்டு கப்புச்சினோ சொன்னான். பில் வந்தது. கப் ஒன்றுக்கு ஆறு யூரோ. அன்றைக்கு யூரோ 75 ரூபாய் வாக்கில். நான் சத்தமாகப் பெருக்கினேன். "இரண்டு காபி தொள்ளாயிரம் ரூபாயா! வீட்டில் ஒரு மாதத்துப் பால் கணக்கு." பக்கத்து மேசைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் தெரியுமல்லவா? மகன் கப்பைக் கீழே வைத்துவிட்டான்.

விஷயம் இதுதான். இத்தாலியில் காபியைக் கவுன்ட்டரில் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. அன்றைக்கு நின்று குடித்திருந்தால் ஒன்றேகால் யூரோவில் முடிந்திருக்கும். ஊர்க்காரர்கள் நின்றபடி இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அன்று அவன் கொடுத்தது காபிக்கு மட்டுமல்ல, கங்கைக்கு எதிரே அப்பாவை அரை மணி நேரம் உட்காரவைக்க. அதை நான் பால் கணக்கில் சேர்த்தேன்.

மறுநாளிலிருந்து நின்றுகொண்டேதான் குடித்தோம். சிக்கனம் கற்றுக்கொண்டுவிட்டான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஃப்ளாரன்சில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். "இது போதும்டா, தூங்கத்தானே" என்றேன். மூன்று வருஷம் கழித்து மருமகள் ஏதோ பேச்சில் சொன்னாள்: அவன் முதலில் எடுத்திருந்தது ஆர்னோ ஆற்றைப் பார்த்த அறையாம். நவோனாவிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி ரத்து செய்திருக்கிறான். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி, போனில்.

இப்போது உங்களுக்கு இன்னும் ஆபத்து. யூரோ நூறு ரூபாயைத் தொட்டுவிட்டது. பெருக்கவே வேண்டாம், இரண்டு சைபர் போட்டால் போதும். நீங்கள் வேறு வங்கிக்காரர், கை தானாகப் போடும். தயவுசெய்து போடாதீர்கள். வாயால் சொல்லாமல் மனசுக்குள் போட்டுக்கொள்கிறேன் என்றும் சமாதானம் சொல்லாதீர்கள், முகத்தில் தெரியும். மெனு கார்டைப் பார்க்கும்போது நம் புருவம் ஏறுவதைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். செலவு உறுத்துகிறது என்றால் கிளம்பும் முன் ஒரு தொகையை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். வாங்கமாட்டாள். அதோடு விட்டுவிடுங்கள்.

சரி, கல்யாண விஷயம்.

கடிதத்தில் இதை நடுவில் ஒரு வரியாக எழுதிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டீர்கள். மற்ற எதையும்விட எனக்கு அந்த வரிதான் பயமாக இருந்தது. அவள் அம்மாவோடு ஊர் பார்க்கத் திட்டம் போட்டிருக்கிறாள். நீங்கள் அதே பத்து நாளை அவள் எழுந்து போக முடியாத ஒரு அறையாகப் பார்க்கிறீர்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் செய்தேன்.

எனக்கு இத்தாலி போக ஒரே காரணம் சிற்பி மைக்கலாஞ்சலோவின் மூன்று பியெத்தாக்கள். இறந்த மகன் இயேசுவை ஏந்தியிருக்கும் மரியாளின் சிலைகள். இளமையில் தொடங்கி சாகும்வரை அந்த ஆள் இந்த ஒரே காட்சிக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். முதலாவது ரோமில், புனித பேதுரு பேராலயத்தில். செய்தபோது அவருக்கு 24 வயது இருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த சிலை. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்து உடைத்தான். அதைச் சரிசெய்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். அதில் அம்மா மகனைவிட இளமையாக இருப்பார். அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டிருக்கிறார்கள். கற்புள்ள பெண்கள் இளமை மாறமாட்டார்கள் என்று சிற்பி சொன்னதாகச் சீடர் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. மைக்கலாஞ்சலோவுக்கு ஆறு வயதிலேயே அம்மா போய்விட்டார். அவருக்குத் தெரிந்த அம்மா அந்த வயதோடு நின்றுவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது ஃப்ளாரன்சில், கதீட்ரலுக்குப் பின்னால் உள்ள அருங்காட்சியகத்தில். தன் கல்லறைக்காக எழுபது வயதுக்கு மேல் செதுக்கத் தொடங்கி, பாதியில் ஆத்திரப்பட்டுத் தானே சுத்தியலால் உடைத்தது. ஒரு சீடர் துண்டுகளைச் சேர்த்து ஒட்டினார். இயேசுவின் இடது கால் இன்றைக்கும் இல்லை. பின்னால் நின்று தாங்குகிற முதியவரின் முகம் சிற்பியின் முகமே என்பார்கள்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத்தான் சொல்கிறேன். நேரில் போயும் நான் அதைப் பார்க்கவில்லை.

மகன் அப்போது நல்ல வேலை ஒன்றை விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உங்களைப் போலவே நானும், பத்து நாள் கூடவே இருப்போம், பேசி முடித்துவிடலாம் என்று கிளம்பியிருந்தேன். ரோமில் வாய்ப்பு அமையவில்லை. ஃப்ளாரன்சில் அந்தச் சிலை இருக்கும் அறைக்குள் நுழைந்தோம். கூட்டம் இல்லை. உட்கார இடம் இருந்தது. இதுதான் நேரம் என்று தோன்றிவிட்டது. மெதுவாகத்தான் தொடங்கினேன். பி.எஃப்., வீட்டுக் கடன், என் சிநேகிதர் மகன் கதை என்று போய்க்கொண்டிருந்தது. அவன் ஒரே ஒரு தடவை சொன்னான்: "அப்பா, ராத்திரி பேசலாம். இதைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க." நான் நிறுத்தவில்லை. அருங்காட்சியக ஊழியப் பெண் வந்து உதட்டில் விரல் வைத்தபோதுதான் நிறுத்தினேன். முப்பது வருஷமாகப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்த சிலை. இன்று கண்ணை மூடினால் என் குரல்தான் கேட்கிறது. சிலை வருவதில்லை.

அவன் வேலையை விட்டான். அது வேறு கதை. நன்றாகத்தான் இருக்கிறான்.

மிலனுக்குப் போகும் ரயிலில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஸ்ஃபோர்ட்சா கோட்டைக்குள் பழைய மருத்துவமனைக் கூடம் ஒன்றில் மூன்றாவது சிலையைத் தனியாக வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது முதுகுதான். ஒரு கிழவியின் கூனல் போல வளைந்திருக்கும். சுற்றிப் போனால் முகங்கள் தேய்ந்துபோன இரண்டு ஒல்லி உருவங்கள். மரியாள் நின்றுகொண்டிருக்கிறார், மகன் அவர் முன்னால் சரிகிறான். கொஞ்ச நேரம் பார்த்தால் அவன்தான் முதுகில் அம்மாவைச் சுமக்கிறானோ என்று தோன்றிவிடும். 1564 பிப்ரவரியில் 88 வயதில் செத்துப்போவதற்குச் சில நாள் முன்புவரை இதைக் கொத்திக்கொண்டிருந்திருக்கிறார். முடிக்கவில்லை. முன்பு செதுக்கிய உருவத்தின் கை ஒன்று, உடம்போடு சேராமல், பக்கத்தில் அப்படியே தனியாக நிற்கிறது.

என் மகனுக்குச் சிற்பத்தில் பெரிய ஆர்வம் கிடையாது. அன்று இரண்டு நாளுக்கு அப்புறம் முதல்தடவையாக வாயைத் திறந்தான். "பழைய கையை எடுக்காம விட்டிருக்கார் பாருங்கப்பா" என்றான். ஆமாம் என்றேன். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். வெளியே வந்து கோட்டை வாசலில் ஐஸ்கிரீம் வாங்கினான். விலையை நான் பார்க்கவில்லை.

உங்கள் மகளின் திட்டத்தில் இந்த மூன்று ஊர்களும் இதே வரிசையில் இருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. அவள் இந்தச் சிலைகளை யோசித்துப் போட்டாளோ, வசதியான ரயில் பார்த்துப் போட்டாளோ. கேட்கவேண்டாம். கல்யாணப் பேச்சைத் திருச்சிக்குத் திரும்பிய பிறகு போனில் பேசிக்கொள்ளுங்கள். அவள் போனை வைத்துவிடுவாள் என்கிறீர்களா? வைக்கட்டும். வைக்க முடிகிற இடத்தில்தான் அதைப் பேச வேண்டும்.

ஒரு உதவி. ஃப்ளாரன்சில் அந்த அருங்காட்சியகத்துக்குப் போனால் எனக்காகப் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். இடது கால் இல்லாத இடம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

சாப்பாட்டை மறந்துவிட்டேன். சைவம் தாராளமாகக் கிடைக்கும். பீட்சாவில் மரினாரா என்று கேளுங்கள், தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை, எண்ணெய்தான், சீஸ் கிடையாது. பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளை விட்டு உறையவைப்பது. அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், சாப்பிட்ட பிறகு கேட்டுக்கொண்டு முகம் சுளிக்காதீர்கள். ரோமில் தெருவுக்குத் தெரு குழாயில் குடிக்கிற தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டில் மட்டும் கையில் இருந்தால் போதும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி எடுத்துப்போகலாம். நெய்யை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், பால் பொருள்களை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுபோக அங்கே அனுமதி இல்லை. பொடிக்கு நல்லெண்ணெய் தேடி அலைய வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் குழைத்துப் பாருங்கள். மிளகாய்ப் பொடிக்குச் சுமார். பருப்புப் பொடிக்கு நன்றாகவே இருக்கிறது.