குமிழி நின்றால் புளிப்பு முடிந்ததா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். பாட்டி போடுவது போல இஞ்சி பீர் போட ஆசைப்பட்டு, இணையக் கடையில் 89 வெள்ளிக்கு ஒரு செட் வாங்கினேன். மூடியில் குமிழிக் குழாய் வைத்த வாளியும் ஈஸ்டும் வந்தன. எப்போது பாட்டிலில் அடைக்கலாம் என்று விற்றவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "குமிழி நின்றால் முடிந்தது" என்றார். மூன்றாம் நாள் நின்றது. கண்ணாடி பாட்டில்களில் அடைத்தேன். இரண்டு நாளில் இரண்டு பாட்டில் வெடித்து, சமையலறை முழுக்கச் சில்லு. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் மீதி பாட்டில்களைப் பாருங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். முகத்தையும் கையையும் நன்றாக மூடிக்கொண்டு, தடித்த துண்டைப் போர்த்தி எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு, துண்டை எடுக்காமலே மெதுவாகத் திறந்து கொட்டிவிடுங்கள்.

விற்றவர் சொன்னது தவறு. குமிழி நிற்பதற்குப் பல காரணம் உண்டு. மூடி சரியாக இறுகாவிட்டால் வாயு ஓரமாகக் கசிந்துவிடும், குழாயில் குமிழி வராது. மழை பெய்து இரவு குளிர்ந்தாலும் வேகம் குறையும். உள்ளே சர்க்கரை அப்படியே இருக்கும். மறுநாள் வெயில் ஏறியதும் ஈஸ்ட் மறுபடி அதைத் தின்று வாயுவை விடத் தொடங்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தாலே ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு உண்டாகிறது. நீங்கள் லிட்டருக்கு 100 கிராம் போட்டிருந்தால், அதில் பாதி மிஞ்சியிருந்தால்கூட எந்தக் கண்ணாடி தாங்கும்?

சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது ஹைட்ரோமீட்டர். தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் ரப்பர் பாலில் எவ்வளவு ரப்பர் என்று பார்க்க மிதக்கவிடும் மெட்ரோலாக் நினைவிருக்கிறதா? இதுவும் அந்த வகைதான், கணக்கு மட்டும் நேர்மாறு. ரப்பர் தண்ணீரைவிட லேசானது, அதனால் பால் கெட்டியாக இருந்தால் மெட்ரோலாக் ஆழமாக இறங்கும். சர்க்கரைத் தண்ணீர் கனமானது, அதில் கருவி மேலே நிற்கும். தண்ணீரைவிட எவ்வளவு கனம் என்பதைத்தான் அதன் எண் காட்டும். வெறும் தண்ணீரில் 1.000. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை கலந்தால் சுமார் 1.038. புளிக்கப் புளிக்க எண் இறங்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாக இருந்து, எண்ணும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கியிருந்தால்தான் முடிந்தது என்று பொருள். பார்லி பீருக்கும் இதே சோதனைதான். அது பெரும்பாலும் 1.010 பக்கம் நிற்கும், வெறும் சர்க்கரை 1.000 வரை இறங்கிவிடும். கருவி வாங்கும்போது எந்த வெப்பநிலைக்கு அளவிட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் 20 டிகிரி. நம் ஊர் 30 டிகிரியில் எண் 0.002 அளவுக்குக் குறைவாகத் தெரியும். வாங்கியதும் ஒருமுறை தண்ணீரில் விட்டுச் சரிபாருங்கள்.

ஆனால் உங்களுக்கு முழுப் புளிப்பு தேவையே இல்லை. 100 கிராமும் புளித்தால் சுமார் 5 முதல் 6 விழுக்காடு ஆல்கஹால், அது பீரேதான். மது தயாரிக்க மலேசியாவின் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது. வீட்டுக்கு இனிப்பான இஞ்சிப் பானம்தான் வேண்டும் என்றால், ஈஸ்டைக் கொஞ்சமாகப் போட்டு, சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். அழுத்திப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாட்டில் கல் மாதிரி இறுகியதும் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். ஓரிரு நாளில் குடித்து முடித்துவிடுங்கள். அப்போதும் சிறிதளவு ஆல்கஹால் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, பணம். வாட்ஸ்அப் பதில், ரசீது, உடைந்த பாட்டில்களின் படம் மூன்றும் உங்களிடம் இருக்கட்டும். எதையும் அழிக்காதீர்கள். தவறான தகவல் கொடுத்து விற்றதாக முதலில் விற்றவருக்கு எழுதுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். செட்டின் விலையைக் கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. சமையலறைச் சேதத்துக்கும் சேர்த்துக் கேட்டால், கண்ணாடி பாட்டிலைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தானே என்று அவர் வாதாடலாம். அதனால் கண்ணாடியில் ஊற்றலாமா என்று நீங்கள் கேட்டதும் அவர் சரி என்றதும் அந்த உரையாடலில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.