கணினி கேள்வி – பதில்: பழைய வன்தட்டும் பாவித்த எஸ்.எஸ்.டி.யும்

கேள்வி: ஐயா, ஹட்டன் நகரில் போட்டோ கொப்பி எடுக்கும் சிறிய கடையொன்றை நடத்தி வருகிறேன். கடையிலுள்ள மேசைக் கணினியின் 500 ஜீ.பி. வன்தட்டு மிகவும் மந்தமாகிவிட்டது. காலையில் அது இயங்கத் தொடங்குவதற்குள் வந்தவர்கள் பொறுமையிழந்து அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். மைத்துனரின் பழுதான மடிக்கணினியிலிருந்து கழற்றிய 480 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்புத் தட்டு) ஒன்று கைவசம் இருக்கிறது. தோட்டத்து மக்களுக்காகத் தட்டச்சு செய்த கடிதங்கள், சுயவிபரக் கோவைகள், தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் அப்படியே அதற்கு மாற்றலாமா? இடையில் மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடுமோ என அஞ்சுகிறேன்.
– வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: மாற்றலாம். உங்கள் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். குளோன் செய்யும்போது, அதாவது ஒரு தட்டிலுள்ள அனைத்தையும் அப்படியே இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும்போது, பழைய வன்தட்டு வாசிக்கப்படுகிறதே தவிர, அதில் எதுவும் எழுதப்படுவதில்லை. ஆகவே பாதி வழியில் மின்சாரம் நின்றால் கெட்டுப்போவது புதிய பிரதி மட்டுமே. மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து மீண்டும் செய்துகொள்ளலாம். உண்மையான ஆபத்து, பழைய தட்டில் எழுதும்படியான காரியத்தை நாமே செய்யும் இடங்களில்தான் இருக்கிறது.

அத்தகைய இடங்களுள் முதலாவது, மூலத்தையும் (பழைய வன்தட்டு) இலக்கையும் (எஸ்.எஸ்.டி.) மாற்றித் தெரிவு செய்வது. உங்கள் வன்தட்டு விண்டோஸில் ஏறத்தாழ 465 ஜீ.பி. என்றும், எஸ்.எஸ்.டி. 447 ஜீ.பி. என்றும் காட்டப்படும், அவசரத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். திசை மாறினால் வெற்று எஸ்.எஸ்.டி.யின் பிரதி உங்கள் கடிதங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். எனவே கொள்ளளவை நம்பாமல், இரண்டின் மேலும் ஒட்டப்பட்டுள்ள மாதிரிப் பெயரையும் தொடர் இலக்கத்தையும் முன்கூட்டியே தாளில் எழுதிவைத்து, திரையில் தோன்றுவதோடு ஒப்பிட்ட பின்னரே சம்மதம் கொடுங்கள்.

இரண்டாவது, இலக்கு சிறியதாக இருப்பதால் மூலத்தின் பகிர்வை (பார்ட்டிஷன், அதாவது தட்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி) சுருக்கப் புறப்படுவது. குளோன்சில்லா என்னும் இலவச மென்பொருள், இலக்கு மூலத்தைவிடச் சிறியதாக இருந்தால் வழமையான முறையில் இயங்க மறுக்கும்; அதற்காகப் பலர் பழைய தட்டின் சீ பகிர்வைச் சுருக்குகிறார்கள். மின்சாரம் நிற்கக் கூடாத வேளை உண்மையில் இதுதான். பிரதி எடுக்கும்போதே இலக்கில் பகிர்வைச் சுருக்கிக்கொள்ளும் மென்பொருளைப் பயன்படுத்துவதே என் விருப்பம். உங்கள் கோப்புகள் மொத்தமாக 447 ஜீ.பி.க்கு நன்கு உட்பட்டிருந்தால் அதில் சிக்கல் இராது. எப்படியாயினும், கடிதங்களையும் சுயவிபரக் கோவைகளையும் முதலில் வேறொரு யூ.எஸ்.பி. தட்டில் சாதாரணமாகப் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்தது தட்டுகளின் உடல்நிலை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் வன்தட்டின் ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ என்ற வரியைப் பாருங்கள். அவ்வரியின் ‘ரோ வேல்யூஸ்’ என்ற இடத்தில் பூச்சியம் இல்லையென்றால், உங்கள் கணினி மந்தமானதற்கு முதுமை மட்டும் காரணமல்ல; தட்டின் சில பகுதிகள் வாசிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டன. அப்போது சாதாரண குளோன் பாதியில் நின்றுவிடக்கூடும். முக்கியமான கோப்புகளை முதலில் மீட்டுவிட்டு, வாசிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் சென்று பின்னர் திரும்பிவந்து முயலும் டீ.டீ.ரெஸ்கியூ போன்ற கருவியை நாட வேண்டும்.

பாவித்த எஸ்.எஸ்.டி.யையும் சோதிக்காமல் நம்பாதீர்கள். அதிலுள்ள படங்களோ கோப்புகளோ தேவையா என்று மைத்துனரிடம் கேட்ட பின், பழைய பகிர்வுகளை அழித்து, முழுத் தட்டையும் ஒரே பகிர்வாக ஃபோர்மட் செய்து, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் நிரப்பி மீள வாசித்துப் பாருங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது உங்கள் கடைக்கு உகந்ததல்ல. மடிக்கணினி எதனால் பழுதானது என்பதையும் விசாரியுங்கள். பழுது இந்த எஸ்.எஸ்.டி.யாகவே இருந்த கதைகளும் உண்டு.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் மலைப்பக்கத்தில் பிற்பகல் ஆனால் இடி முழங்கத் தொடங்கிவிடும். மின்னல் தாக்கினால் இணைத்திருக்கும் இரண்டு தட்டுகளும் ஒருசேரப் போகலாம். ஆகையால் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி.யை யூ.எஸ்.பி. வயரில் தொங்கவிடாமல், தாய்ப்பலகையில் தட்டுகளை இணைப்பதற்கான சாட்டா துளையிலேயே இணைப்பது நல்லது. தட்டிலுள்ளதைப் பிறர் வாசிக்க முடியாதபடி மறைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

பிரதி முடிந்ததும் பலர் தவறும் இடமொன்று உண்டு. முதன்முறை எஸ்.எஸ்.டி.யிலிருந்து இயக்கும்போது பழைய வன்தட்டைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இரண்டிலும் ஒரே அடையாள எண் இருப்பதால், விண்டோஸ் ஒன்றைப் புறக்கணிக்கலாம். அல்லது நீங்கள் அறியாமலே பழையதிலிருந்து இயங்கலாம். எஸ்.எஸ்.டி.யிலிருந்து இயங்குவது உறுதியானதும், விண்டோஸிலுள்ள ‘ஒப்டிமைஸ் டிரைவ்ஸ்’ பகுதிக்குச் சென்று ஒருமுறை இயக்குங்கள். காலியான இடங்கள் எவை என்பதை எஸ்.எஸ்.டி. அதன் பின்னரே சரியாக அறிந்துகொள்ளும்.

கழற்றிய வன்தட்டை ஒரு மாதமாவது தொடாமல் வைத்திருங்கள். எழுத்துரு ஒன்று காணவில்லை, அச்சுப்பொறி பேசவில்லை என்பதெல்லாம் சில வாரங்கள் கழித்தே தெரியவரும். பின்னர் அதை விற்க நினைத்தால், பிறருடைய சுயவிபரக் கோவைகள் அதில் இருப்பதால், முழுத்தட்டையும் மேலெழுதி அழித்த பிறகே கைமாற்றுங்கள்.